வாசல்வரை வந்த மருந்து

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலர் அண்ணன் என்னைப் பேச அழைத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "உன் தொழிலைப் பத்திப் பேசு; ஆனா யாரையும் தூங்க வச்சிடாதே" என்றார். என் தொழில் குளிர்சாதனம். தெர்மோடைனமிக்ஸ் வகுப்பு எப்போதும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியட் என்பது இங்கே பலருக்கும் நினைவிருக்கும். ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் சாதத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து, கம்ப்ரஸரும் கண்டன்ஸரும் கேட்டால் யாருக்குத்தான் கண் சொருகாது? ஆகவே இன்று கம்ப்ரஸரைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. குளிர்பெட்டிக்குள் நாங்கள் காப்பாற்றி வைத்த மருந்தை எடுத்துக்கொண்டு போனவர்களைப் பற்றியும், அது வேண்டாம் என்று கதவைச் சாத்தியவர்களைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் 2010ஆம் ஆண்டு இந்தக் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தவன். 2013 முதல் 2016 வரை உத்தரப் பிரதேசத்தின் பரேலி நகரில் இருந்தேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பு மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. மொராதாபாத், ராம்பூர், சம்பல், பதாயூன் என்று சுற்றிக்கொண்டே இருப்பேன். மொராதாபாத் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போன ஊர். ராம்பூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி பாதிப் பேர் முஸ்லிம்கள். நான் போன காலத்தில் அங்கே போலியோ இல்லை. ஆனால் அதை ஒழித்தவர்கள் எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். மின்சாரம் வரும்வரை அவர்களோடு டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கும் வேறு வழியில்லை. அந்த டீக்கடைப் பாடத்தைத்தான் இன்று உங்களிடம் ஒப்புவிக்கிறேன்.

பெட்டிவரை பொறியியல்

முதலில் நம் பங்கைச் சொல்லிவிடுகிறேன். போலியோ சொட்டு மருந்து வெப்பம் தாங்காது. பெரிய கிடங்குகளில் அதைப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் உறைய வைத்திருப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த பிறகு 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அங்கேதான் ஐ.எல்.ஆர். என்ற ஐஸ் லைன்ட் ரெஃப்ரிஜிரேட்டர் வருகிறது. சுவரைச் சுற்றிலும் பனிக்கட்டி அடுக்கு உள்ள பெட்டி அது. நாளில் எட்டு மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே போதும், மீதி நேரத்தை அந்தப் பனி பார்த்துக்கொள்ளும். அங்கிருந்து தெருவுக்குப் போகும்போது நான்கு ஐஸ் பேக் வைத்த கைப்பெட்டி. ஒரு தொழிற்சாலையில் தொடங்கி ஒரு பெண்ணின் தோளில் முடிகிற சங்கிலி இது.

இந்தச் சங்கிலியில் எனக்கு மிகவும் பிடித்த பொருள், குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன லேபிள். 1996லிருந்து சொட்டு மருந்துக் குப்பிகளில் வந்தது. ஒரு வட்டம், அதற்குள் வெளிர் நிறத்தில் ஒரு சதுரம். வெப்பம் படப்பட சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்துக்குச் சமமாகிவிட்டால் அந்த மருந்து ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை. நான் பார்த்த நல்ல டிசைன்களில் இது ஒன்று.

இவ்வளவும் சரியாக இருந்தும் போலியோ அந்த மாவட்டங்களை விட்டுப் போகவில்லை. 1994 அக்டோபர் 2ஆம் தேதி டெல்லியிலும், 1995 டிசம்பரிலிருந்து நாடு முழுவதும் பல்ஸ் போலியோ நடந்தது. நாட்டின் பெரும்பகுதியில் நோய் சுருண்டது. ஆனால் 2002ல் இந்தியாவில் பதிவான 1,600 போலியோ கேஸ்களில் 1,242 உத்தரப் பிரதேசத்தில். அந்த மாநிலத்தில் அப்போது முஸ்லிம்கள் நூற்றுக்குப் பத்தொன்பது பேருக்கும் குறைவு. பாதிக்கப்பட்ட குழந்தைகளிலோ பாதிக்கும் மேல் அவர்கள் வீட்டுக் குழந்தைகள்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். போலியோ வைரஸ் தொற்றிய ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் விளங்காமல் போகிறது. ஒரு குழந்தை நொண்டுவது கண்ணுக்குத் தெரிகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாமல் அந்த வைரஸைச் சுமக்கிறவர்கள் அந்தத் தெருவைச் சுற்றி நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு சந்தில் பத்து வீடு கதவைச் சாத்திக்கொண்டாலும் அந்தப் பத்து வீடு போதும் வைரஸுக்கு.

கதவு ஏன் சாத்தியது?

"படிப்பறிவு இல்லாத ஜனங்க, மூட நம்பிக்கை" என்று அப்போது பலரும் சுலபமாகச் சொன்னார்கள். அங்கே உட்கார்ந்து கேட்டால் காரணங்கள் ஒவ்வொன்றாக வரும். எதுவும் காரணமில்லாத காரணம் இல்லை.

"இந்தச் சொட்டு போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது" என்பது பெரிய வதந்தி. அறிவியல்படி அது பொய். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு, தேதி உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அதில் வற்புறுத்தி நடந்தவை ஏராளம். 1976 அக்டோபரில் இதே மேற்கு உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகரில் எதிர்ப்புத் தெரிவித்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த மாதம் ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தைப் போலீஸ் வளைத்து, ஆண்களை அள்ளிக்கொண்டு போய் அறுவை செய்தார்கள். அதுவும் முஸ்லிம் கிராமம். அன்று இளைஞராக இருந்தவர் 2002ல் தாத்தா. அரசு ஜீப்பில் மருந்தோடு வருகிறவர்களைப் பார்த்து அவர் பேரனை உள்ளே இழுத்துக்கொண்டால், அதை மூட நம்பிக்கை என்பீர்களா, அனுபவம் என்பீர்களா?

அடுத்த காரணம் இன்னும் எளிமையானது. அந்தத் தெருவில் சாக்கடை இல்லை. குழாய்த் தண்ணீர் சுத்தமில்லை. குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாகும். காய்ச்சலுக்கு டாக்டர் கிடைக்க மாட்டார். 2005-06 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 81 சதவீதத்துக்கு எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளும் போட்டிருந்தது. உத்தரப் பிரதேசத்தில் 23 சதவீதம். வேறு எதற்கும் எட்டிப் பார்க்காத அரசாங்கம், இந்த இரண்டு சொட்டுக்கு மட்டும் மாதா மாதம் வீடு தேடி வருகிறது. "நாங்க கேட்டது எதுவும் வரலை. கேட்காதது மட்டும் இலவசமா வாசலுக்கு வருதே, ஏன்?" நான் அந்தத் தெருவில் பிறந்திருந்தால் எனக்கும் அந்தக் கேள்வி வந்திருக்கும்.

மூன்றாவது காரணம் பொறியாளர்களாகிய நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டியது. "எங்க பையனுக்கு ஏழெட்டுத் தடவை போட்டோம். அப்படியும் கால் போச்சு" என்று சில தாய்மார்கள் சொன்னார்கள். அதுவும் உண்மை. வெப்ப நாடுகளில், நெரிசலும் வயிற்றுப்போக்கும் உள்ள இடங்களில், சொட்டு மருந்து குடலில் சரியாகப் பிடிப்பதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் 1970களிலேயே, மூன்று தவணை நம் குழந்தைகளுக்குப் போதாது என்று எடுத்துச் சொன்னவர். 2006ல் வெளிவந்த ஓர் ஆய்வு, முதல் வகை வைரஸுக்கு எதிராக மூவகை மருந்தின் ஒரு தவணை இந்தியாவின் மற்றப் பகுதிகளில் 21 சதவீதம் பலன் தந்தது என்றால் உத்தரப் பிரதேசத்தில் 9 சதவீதம்தான் என்று காட்டியது.

தம்பிகளா, கால்குலேட்டரை எடுங்கள். தவணைக்கு 9 சதவீதம் என்றால், பத்துத் தவணைக்குப் பிறகும் நூற்றில் 61 குழந்தைகளுக்குத்தான் பாதுகாப்பு. தவணைக்கு 21 என்றால் அதே பத்தில் 90 பேருக்கு. ஆக, அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. அவள் சொன்னது ஃபீல்டிலிருந்து வந்த ஃபெயிலியர் ரிப்போர்ட். புத்தி சொல்லி அனுப்புவதா, வாங்கிப் படிப்பதா என்பதுதான் கேள்வி.

என்ன மாற்றினார்கள்?

படித்தார்கள். அதனால்தான் ஜெயித்தார்கள். இந்தப் பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மருந்தையே மாற்றினார்கள். 2005ல் முதல் வகை வைரஸுக்கு மட்டுமான ஒருவகைச் சொட்டு மருந்து வந்தது. பழைய மருந்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு பலன். 2010 ஜனவரியில் முதல், மூன்றாம் வகைகளை ஒன்றாகத் தாக்கும் இருவகை மருந்து வந்தது. இரண்டாம் வகைக்கு அவசியமில்லாமல் போயிருந்தது. உலகிலேயே அந்த வகையின் கடைசி இயற்கைத் தொற்று 1999ல் பதிவானதும் இதே பக்கத்து அலிகாரில்தான்.

இரண்டாவது, மருந்தைக் கொண்டுபோகும் ஆளை மாற்றினார்கள். யுனிசெஃப், ரோட்டரி, இன்னும் சில தொண்டு அமைப்புகள் சேர்ந்து, அந்தந்தச் சந்தில் வாழும் பெண்களையே பொறுப்பாளர்களாக எடுத்தார்கள். எல்லாப் பகுதிகளையும் சேர்த்துச் சுமார் ஏழாயிரம் பேர். ஒருவருக்கு ஏறத்தாழ 500 வீடு. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஜாமியா ஹம்தர்த் ஆகிய கல்வி நிலையங்கள் துணைக்கு வந்தன. உலமாக்கள் கையெழுத்திட்டு வேண்டுகோள் விடுத்தார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. மதரஸாவில் பூத் போட்டார்கள்.

சம்பல் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் அப்படிப்பட்ட ஒரு பெண்மணியிடம் பேசியிருக்கிறேன். எல்லோரும் அவரை 'பாஜி' என்பார்கள். அக்கா என்று பொருள். நானும் அப்படியே கூப்பிட்டேன். "பாஜி, மறுத்த வீட்டில் என்ன சொல்லி ஒத்துக்க வைப்பீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "முதல் நாள் மருந்துப் பேச்சையே எடுக்க மாட்டேன் பையா. குழந்தை பால் குடிக்குதா, ராத்திரி தூங்குதா, மாமியார் முட்டுவலி எப்படி இருக்கு, அவ்வளவுதான். ரெண்டாம் நாள் அவங்களே கேட்பாங்க. நான் ஒண்ணுதான் சொல்வேன். என் பேத்திக்குப் போட்டிருக்கேன். நானும் இதே தெருவிலதான் இருக்கேன். மருந்து தப்பா இருந்தா நான் எங்கே ஓடிப் போக முடியும்?"

என்ன உத்தரவாதம் பாருங்கள்! எந்தக் கம்பெனி வாரண்டி கார்டும் அதற்கு ஈடாகாது. ஜீப்பில் வந்தவர் சாயங்காலம் ஊருக்குப் போய்விடுவார். பாஜி போக மாட்டார்.

மூன்றாவது, கணக்கு வைத்த விதம். சொட்டு போட்ட குழந்தையின் இடது சுண்டுவிரலில் அழியாத மை. முடிந்த வீட்டுச் சுவரில் 'பி' என்று சாக்பீஸ் குறி. விடுபட்ட குழந்தை இருந்தால் 'எக்ஸ்'. மாலையில் எக்ஸ் வீடுகளை மட்டும் பட்டியல் எடுத்து, மறுநாள் திரும்பிப் போவார்கள். குழந்தை ஊருக்குப் போயிருக்கிறதா, உடம்பு சரியில்லையா, மறுப்பா என்று காரணத்தோடு எழுதுவார்கள். மறுப்பு என்றால் யார் மறுத்தது, அப்பாவா, பாட்டியா? யார் போய்ப் பேசினால் கேட்பார்கள்? குவாலிட்டி கன்ட்ரோல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ரிஜெக்ட் ஆனதைத் திட்டிப் பயனில்லை. காரணம் பார்த்து வகை பிரிக்க வேண்டும். செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம், பஸ் நிலையம், ஓடும் ரயில் என்று இடம் மாறும் குழந்தைகளையும் தேடிப் போய்ப் போட்டார்கள்.

நான்காவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. "வெறும் போலியோதானா?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னார்கள். வைரஸ் விடாப்பிடியாக இருந்த 107 வட்டாரங்களைக் குறித்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் 66, பீகாரில் 41. அங்கே சொட்டு மருந்தோடு வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், ஜிங்க் மாத்திரை, தாய்ப்பால் பற்றிய ஆலோசனை, கைகழுவுதல், சுத்தமான தண்ணீர், மற்றத் தடுப்பூசிகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். இதனால் இரண்டு லாபம். வயிற்றுப்போக்குக் குறைந்தால் சொட்டு மருந்தும் நன்றாகப் பிடிக்கும். கேட்டதும் கிடைக்கிறது என்று மக்களுக்கும் புரியும்.

பலனைச் சொல்கிறேன். 2009ல் இந்தியாவில் 741 கேஸ். அந்த ஆண்டு உலகிலேயே அதிகம் நம் நாட்டில்தான். 2010ல் 42. 2011ல் ஒன்றே ஒன்று. மேற்கு வங்காளத்தின் ஹௌரா மாவட்டத்தில், 2011 ஜனவரி 13ஆம் தேதி நோய் கண்ட ஒரு குழந்தை. இயற்கை வைரஸால் வந்த போலியோ இந்தியாவில் அதோடு நின்றது. 2014 மார்ச் 27ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்துக்குப் போலியோ இல்லாச் சான்றிதழ் கொடுத்தது. முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட இடம் இது. சான்றிதழில் பாஜியின் பெயர் இருக்காது. ஆனால் அது அவருடையதும்தான்.

பரிசோதனை என்பது வாங்கல் மட்டுமல்ல

மருந்து கொடுப்பதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று இருந்தது. பரிசோதனை. பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்காவது திடீரென்று கை கால் துவண்டால் உடனே தெரிவிக்க வேண்டும். 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில், இரண்டு முறை மலம் எடுத்து, குளிர் கெடாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நம் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் அப்படி ஓர் ஆய்வகம் உண்டு. எங்கள் தொழிலில் இதை 'ரிவர்ஸ் கோல்டு செயின்' என்போம். மருந்து போன வழியில் மாதிரி திரும்பி வரும்.

குழந்தைக்குக் கால் விழுந்துவிட்ட வீட்டில் போய் மலம் கொடு என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள். அவர்கள் முதலில் போவது அரசு மருத்துவமனைக்கு அல்ல. தெருவில் ஊசி போடுகிறவரிடம், நாட்டு வைத்தியரிடம், தர்காவில் ஓதி ஊதுகிறவரிடம். கண்காணிப்புக் குழுவினர் அவர்களையெல்லாம் விரட்டவில்லை. அவர்களையும் தகவல் தருகிறவர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். 60 நாள் கழித்து அதே குழந்தையைத் திரும்பவும் போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. அறிவியல் காரணத்துக்காக வைத்த விதிதான். ஆனால் 'எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்தார்கள்' என்பது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம்! ரத்தமோ சளியோ எடுத்துக்கொண்டு போய் முடிவைச் சொல்லாமலே விட்டால், அடுத்த முறை யார் கையை நீட்டுவார்கள்?

நம் ஊர்க் கதை ஒன்று

இதெல்லாம் வடக்கே, அதுவும் ஒரு குறிப்பிட்ட மக்கள் கதை என்று யாராவது நினைத்தால் 2017ஐ ஞாபகப்படுத்துகிறேன். அந்த ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதத்திலிருந்து 15 வயதுவரை. வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. நகரத்துத் தனியார் பள்ளிகளில் படித்த பெற்றோர்களே பிள்ளைகளை அனுப்பவில்லை. முகாமை மார்ச்வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அப்போது கோயம்புத்தூரிலிருந்து என் அக்கா போன் செய்தாள். எம்.காம். படித்தவள். "டேய், நீதான் தடுப்பூசி ஃப்ரிட்ஜ் பார்க்கிறவனாச்சே. பையனுக்குப் போடலாமா வேண்டாமா? ஏற்கெனவே எம்.எம்.ஆர். போட்டாச்சு. திரும்ப எதுக்கு? ஸ்கூல்ல ஒரு சீட்டு குடுத்துக் கையெழுத்து போடச் சொல்றாங்க. அதுல ஒண்ணுமே எழுதலை."

நியாயமான கேள்வி. முன்பே போட்டிருந்தாலும் இன்னொரு தவணையால் கெடுதல் இல்லை, விடுபட்ட குழந்தைகள் யாரென்று தேடிக்கொண்டிருக்காமல் எல்லோருக்கும் ஒரே வீச்சில் போட்டால்தான் நோய் பரவுவது நிற்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம், பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். "இதை அந்தச் சீட்டுலயே எழுதியிருக்கலாமே" என்றாள். பையனுக்கு ஊசி போட்டாயிற்று.

கோயம்புத்தூரில் என் அக்கா கேட்டால் அதற்குப் பெயர் சந்தேகம். சம்பலில் ஒரு தாய் அதையே கேட்டால் அதற்குப் பெயர் அறியாமை. என் அக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்க ஒரு தம்பி இருந்தான். அந்தத் தாய்க்குப் பாஜி வரும்வரை யாரும் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்மால் ஆவது

இனி, நம் வீட்டு வேலைக்கு வருகிறேன். இந்த மண்டபத்தில் கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனி நடத்தும் அண்ணன்மார் இருக்கிறீர்கள். மில் வைத்திருக்கிறவர்கள், ஃபவுண்டரி வைத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். இன்று உங்கள் சைட்டில் கம்பி கட்டுகிறவர்கள் யார்? பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். நான் சொன்ன அந்தத் தெருக்களின் பிள்ளைகளே இப்போது உங்கள் தகர ஷெட்டில் இருக்கிறார்கள். மொழி தெரியாத ஊரில் அவர்களுக்குப் பாஜி யார்?

அண்ணன்மார்களிடம் மூன்றே மூன்று வேண்டுகோள்.

ஒன்று, உங்கள் ஷெட்டுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று ஒரு கணக்கு எடுங்கள். சிமெண்டு மூட்டைக்கு ஸ்டாக் ரிஜிஸ்டர் வைக்கிறோம். இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். அந்தப் பட்டியலைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தால் கிராம சுகாதார செவிலியருக்கு வேலை பாதி முடிந்தது. தடுப்பூசி அட்டை ஊரில் இருக்கிறது என்பார்கள். அதனால் பரவாயில்லை, புது அட்டை போட்டுத் தருவார்கள்.

இரண்டு, காசநோய்ப் பரிசோதனை. தூசியிலும் நெரிசலிலும் இருப்பவர்களுக்கு இது மிக அவசியம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளி பார்க்க வேண்டும். பரிசோதனையும் மருந்தும் அரசில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018ல் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். அப்படியும் ஆள் வர மாட்டான். ஏன் தெரியுமா? "நோய் இருக்குன்னு வந்துட்டா வேலை போயிடுமே" என்ற பயம். அந்தப் பயத்துக்கு டாக்டரிடம் மருந்து இல்லை. அது முதலாளியிடம் இருக்கிறது. "டெஸ்ட் எடுக்கிற அன்னிக்குச் சம்பளம் உண்டு. நோய்னு வந்தாலும் குணமாகித் திரும்பி வர்றவரைக்கும் உன் இடம் இருக்கும்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், அது நூறு போஸ்டருக்குச் சமம். சொன்னதைக் காப்பாற்றினால் ஆயிரம் போஸ்டருக்குச் சமம்.

மூன்று, சொல்கிற ஆளை அவர்களுக்குள்ளேயே தேடுங்கள். ஷெட்டில் எல்லோரும் மதிக்கிற ஒரு மேஸ்திரி மனைவி இருப்பார், வயதான ஒரு பெண்மணி இருப்பார். அவருக்கு விஷயத்தைப் புரிய வைத்து, அவர் நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள். பாஜிகளுக்கும் மாதாமாதம் மதிப்பூதியம் கிடைத்தது. சேவை என்று சொல்லி ஏழைப் பெண்களின் உழைப்பை இனாமாக வாங்குவது நியாயமில்லை.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் உண்டு. என்.எஸ்.எஸ். முகாமில் வழக்கமாக மரம் நடுகிறோம், சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். இந்த ஆண்டு ஒரு நாள் நம் கல்லூரிக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழும்பும் இடத்துக்குப் போங்கள். இந்தி தெரிந்தவர்கள் முன்னால் நில்லுங்கள். உபதேசம் செய்ய வேண்டாம். கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வந்தால் வசதி? எதற்குப் பயம்? யார் சொன்னால் கேட்பார்கள்? அந்தக் காகிதத்தைச் சுகாதார நிலையத்தில் கொடுங்கள். முகாம் காலை பத்து மணிக்கு, ஆள் வேலைக்குப் போவது காலை ஏழு மணிக்கு என்றால் முகாம் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். ஒரு டிசைன் வேலை செய்யவில்லை என்றால் பயன்படுத்துகிறவனைக் குறை சொல்லாதே என்று இதே வகுப்பறைகளில்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

உத்தரப் பிரதேசத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி சொல்லி முடிக்கிறேன். 2005-06ல் 23 சதவீதமாக இருந்த முழுத் தடுப்பூசிக் கணக்கு, 2019-21 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 70 சதவீதமாகியிருக்கிறது. நம் தமிழ்நாடு 89. நாம் முன்னால் இருக்கிறோம், சந்தோஷம். ஆனால் மீதி 11 பேர் யார் வீட்டுக் குழந்தைகள், எந்தத் தெருவில், எந்த ஷெட்டில் இருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் நம்முடையதுதானே?

யாரும் தூங்கவில்லை என்று செயலர் அண்ணன் பார்வையிலேயே தெரிகிறது. மத்தியானச் சாப்பாடு காத்திருக்கிறது. கூடலுக்கு வந்திருக்கும் கான்ட்ராக்டர் அண்ணன்மாரை நான் அங்கேயே, இலை போடும்போதே, கணக்கு நோட்டோடு பிடித்துக்கொள்கிறேன்.